வர்த்தமானி முதல் சம்பளச் சீட்டு வரை

தொழில் சட்டத்தில் ஏதாவது மாறப் போகிறதென்றால், எங்கள் பக்கத்தில் அந்தச் சேதி முதலில் போய்ச் சேர்வது தோட்ட அலுவலகத்துக்கு அல்ல, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குத்தான். இரவுச் செய்தியில் அமைச்சர் ஒருவர் சொன்னது விடிந்ததும், வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் பேச்சாகிவிடும். கொழுந்துக் கூடையோடு நிற்கிறவர்கள் சங்கத் தலைவரைக் கேட்பார்கள். தலைவர் கணக்கப்பிள்ளையைக் கேட்பார். கணக்கப்பிள்ளை பெரிய கிளாக்கரைக் கேட்பார். எட்டு மணிக்கு என் தொலைபேசி அடிக்கும்: "சேர், ஆளுங்க கேக்குறாங்க. என்னா சொல்றது?"

இலங்கை மலையகத்தில் ஹட்டனைச் சுற்றியுள்ள சில தேயிலைத் தோட்டங்கள், அவற்றின் தொழிற்சாலைகள், பழைய துரை (தோட்ட முகாமையாளர்) பங்களா ஒன்றைத் திருத்திச் செய்த சிறிய விடுதி, நகரத்தில் ஓர் அலுவலகம், இவ்வளவுக்கும் மனிதவளப் பொறுப்பு என்னுடையது. பெரிய கிளாக்கரின் அந்தக் கேள்விக்கு அன்றைக்கே சரியான பதில் வைத்திருப்பதைத்தான் இந்த வேலையில் நான் பெரிதாக மதிக்கிறேன். சட்டம் மாறிவிட்டது என்று தெரிந்தால் மட்டும் காணாது. எந்தத் திகதியிலிருந்து, யாருக்கு, எந்தக் கணக்கில் என்ற மூன்றும் தெரிந்தால்தான் அது சம்பளச் சீட்டில் வந்து உட்காரும். பதுளையிலோ நுவரெலியாவிலோ மாத்தளையிலோ இதே வேலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்று நம்பி எழுதுகிறேன்.

2024ஆம் ஆண்டுதான் எனக்கு அதிகம் கற்றுத் தந்தது. அந்த வருடம் மே 1ஆம் திகதி கொட்டகலையில் நடந்த மேதினக் கூட்டத்தில், அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,700 ரூபாய் என்று அறிவித்தார். 1,350 அடிப்படைச் சம்பளம், 350 உற்பத்தித்திறன் கொடுப்பனவு. அதுவரை கையில் இருந்தது 2021 மார்ச் மாதம் வந்த 1,000 ரூபாய்: 900 அடிப்படை, 100 வரவு செலவுத் திட்ட நிவாரணப் படி.

வர்த்தமானி, அதாவது அரசிதழ், வந்துவிட்டது என்று கேள்விப்பட்டால் அடுத்த சம்பளத்திலேயே காசு விழும் என்றுதான் யாரும் எண்ணுவார்கள். ஆனால் சம்பள நிர்ணய சபைகள் கட்டளைச் சட்டத்தின்படி முதலில் வெளிவருவது, அந்தந்தத் தொழிலுக்கு ஆகக் குறைந்த சம்பளத்தைத் தீர்மானிக்கிற சபையின் முன்மொழிவு. ஆட்சேபம் உள்ளவர்கள் இன்ன திகதிக்குள் எழுத்தில் தர வேண்டும் என்று அதிலேயே இருக்கும். அவற்றைப் பார்த்துச் சபை தீர்மானித்து, அமைச்சர் அங்கீகரித்து, மறுபடியும் வர்த்தமானியில் வந்த பிறகுதான் அது முதலாளியைக் கட்டுப்படுத்தும். அந்த இரண்டாவது வர்த்தமானியும் வந்தது. பெருந்தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் போயின. ஜூலை 4ஆம் திகதி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அதன் பிறகு சபை மறுபடி கூடி 1,350 என்று தீர்மானித்தது. செப்டெம்பரில் அதற்கு வர்த்தமானி வந்தது. மேடையில் சொல்லப்பட்ட 350 அதில் இல்லை.

மே முதல் செப்டெம்பர் வரை ஒவ்வொரு கட்டத்திலும் தொலைக்காட்சி ஒன்றைச் சொல்லும், சம்பளச் சீட்டு இன்னொன்றைச் சொல்லும். ஒரு நாள் தோட்ட அலுவலக யன்னலுக்கு வந்த அக்கா ஒருவர் சீட்டை நீட்டிக் கேட்டார்: "தம்பி, டீவில 1,700ங்கறாங்க. துண்டுல 1,000தான் இருக்கு. எது நெசம்?" உள்ளே வரச் சொல்லி, சீட்டை மேசையில் விரித்து வரி வரியாகப் பார்த்தோம். வேலை நாள், மேலதிகக் கிலோ, ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதி 8 வீதம், சங்கச் சந்தா, பண்டிகை முற்பணத் தவணை, கோயில் பணம், தேயிலைத் தூள். முதல் வரியில் இருக்கிற 1,000 மாற வேண்டுமானால் என்னென்ன நடக்க வேண்டும், இப்போது அது எங்கே நிற்கிறது என்று சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப கோட்டுல கெடக்குன்னு சொல்லுங்க" என்றார். கோபம் போகவில்லை, போக வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் கிளாக்கர் காசை மறைக்கிறார் என்ற சந்தேகம் போய்விட்டது.

அதன்பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பக்கத் தமிழ் அறிவித்தல் போடத் தொடங்கினேன். நான்கு வரிதான்: அறிவிக்கப்பட்டது என்ன, வர்த்தமானியில் உள்ளது என்ன, இன்றைக்கு அது எந்த நிலையில் இருக்கிறது, இந்த மாதச் சீட்டில் வரப்போவது என்ன. பெரிய எழுத்தில் அச்சடித்து, கொழுந்து நிறுக்கும் மடுவத்திலும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் புள்ளக் காம்பரா சுவரிலும் ஒட்டுவோம். ஒட்டுவதற்கு முதல் நாள் எல்லாச் சங்கத் தலைவர்களையும் ஒன்றாகக் கூப்பிட்டு வாசித்துக் காட்டுவோம். ஒரு சங்கத்துக்கு முதலில் சொல்லி மற்றதை விட்டால் அதுவே தனிப் பிரச்சினையாகும். சில துரைமார் தயங்கினார்கள், இதையெல்லாம் எழுதிப் போட்டால் ஆட்கள் குழம்புவார்கள் என்றார்கள். குழப்பம் வருவது சொல்லாமல் விடுவதால்தான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் எல்லா லயத்திலும் இருக்கிறார்கள். வட்ஸ்அப்பில் வருகிற அரைகுறைச் சேதியை விட மடுவத்துச் சுவரில் இருக்கிற கையொப்பமிட்ட தாளுக்குத்தான் மதிப்பு.

1,350 நடைமுறைக்கு வந்த மாதம் நாங்கள் முதலில் உட்கார்ந்தது ஓர் எக்செல் தாளோடு. நாட்சம்பளம் மாறினால் அதன் பின்னால் எத்தனை வரி நகரும் என்று பாருங்கள். ஒரு நாளுக்கு ஊழியர் பக்கம் சேமலாப நிதி 8 வீதம் 108 ரூபாய். கம்பனி பக்கம் 12 வீதம் 162 ரூபாய். ஊழியர் நம்பிக்கை நிதியம் 3 வீதம் 40 ரூபாய் 50 சதம். மேலதிக நேரம், விடுமுறை நாள் சம்பளம், பிரசவ காலக் கொடுப்பனவு எல்லாம் சேர்ந்து நகரும். கணக்கு மென்பொருளில் முதல் வரியை மட்டும் மாற்றிவிட்டு மற்ற வரிகள் தானாக மாறும் என்று நம்பியிருக்கக் கூடாது. புதிய வீதம் வருகிற முதல் மாதத்தில், வெவ்வேறு வகை வேலை செய்கிற சிலருடைய சீட்டைக் கையால் கணக்குப் போட்டு ஒப்பிட்டுப் பார்க்காமல் சம்பளத்தை விடுவதில்லை. கொழுந்து எடுக்கிறவர், தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறவர், பிரசவ விடுமுறையில் இருப்பவர், அந்த மாதம் ஓய்வு பெறுகிறவர், இப்படி ஒவ்வொரு வகைக்கும் ஒருவராவது அதில் இருக்க வேண்டும்.

ஓய்வு பெறுகிறவரைத் தனியாகச் சொல்லக் காரணம் சேவைக்காலப் பணம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு இது உரியது. மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். இரண்டுமே கடைசியாக வாங்கிய சம்பளத்தின் மேல்தான் கணக்கிடப்படும். அப்படியென்றால், 30 வருடம் மலையில் நின்ற ஒருவருக்கு நாட்சம்பளம் 100 ரூபாய் கூடினால் சேவைக்காலப் பணம் 42,000 ரூபாய் கூடுகிறது. சம்பள உயர்வு வருமா வராதா என்று நீதிமன்றத்தில் நிற்கிற மாதங்களில், விலகல் கடிதம் கொடுக்க வந்தவர்களிடம் இந்தக் கணக்கை விளக்கினேன். போக வேண்டாம் என்று சொல்லவில்லை. போகிற திகதிக்கு ஒரு விலை இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கம்பனிக்கு இது செலவு, எனக்கு அது தெரியும். ஆனால் சட்டம் ஒருவருக்குத் தருவதை அவரிடம் மறைக்கிற வேலை மனிதவள வேலை ஆகாது. பணம் 30 நாளுக்குள் கொடுக்கப்பட வேண்டும் என்பதையும் தோட்ட அலுவலகங்கள் மறக்கக் கூடாது.

யாருக்கு எந்தச் சட்டம் என்பது அடுத்தது. எங்கள் ஒரே கம்பனிக்குள் இதில் எவ்வளவு வித்தியாசம் என்று புதிதாக வருகிற தம்பி, தங்கைகள் திகைத்துப் போவார்கள். கொழுந்து எடுக்கிறவர்களும் தேயிலைத் தொழிற்சாலைத் தொழிலாளரும் தேயிலைக்கான சம்பள நிர்ணய சபையின் கீழ். தோட்டத்துக் கிளாக்கர்மார், கணக்கப்பிள்ளைமார் போன்ற உத்தியோகத்தருக்குத் தனியாகத் தோட்டச் சேவையாளர் சங்கத்தோடு பேசுகிற கூட்டு ஒப்பந்தம். நகரத்து அலுவலகத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம். விடுதியில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு சபை. ஒரு சட்டத் திருத்தம் வந்ததும் நான் கேட்கிற முதல் கேள்வி, இதில் எங்களுடைய எந்தக் கூட்டம் அடங்குகிறது என்பது. 2018இல் பிரசவ விடுமுறை மாறியபோது இது நன்றாகத் தெரிந்தது. மூன்றாவது பிள்ளையிலிருந்து 42 நாள் என்றிருந்ததை நீக்கி, எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள் என்றாக்கினார்கள். அதற்கு இரண்டு சட்டங்களைத் திருத்த வேண்டியிருந்தது: அலுவலகப் பெண்களுக்கான கடை, காரியாலயச் சட்டம் ஒன்று, தோட்டத்துப் பெண்களுக்கான 1939ஆம் ஆண்டின் பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டம் மற்றது. ஒன்றை மட்டும் வாசித்தவருக்குப் பாதிதான் தெரிந்திருக்கும்.

தேசிய ஆகக் குறைந்த வேதனத்திலும் இதே கதைதான். 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் மாதத்துக்கு 10,000, நாளுக்கு 400 என்று தொடங்கியது. 2021இல் 12,500, 500. 2024இல் 17,500, 700. பிறகு 2025 ஏப்ரல் 1 முதல் 27,000, 1,080. 2026 ஜனவரி 1 முதல் 30,000, 1,200. தோட்டத்தில்தான் 1,350 கொடுக்கிறோமே, இது நமக்கு எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. விடுதியில் பாத்திரம் கழுவுகிற ஐயா, பூந்தோட்டம் பார்க்கிறவர், இரவுக் காவலாளி, அலுவலகத்தில் தேநீர் போடுகிற அம்மா, இவர்களை யாரும் நினைக்கவில்லை. சம்பள நிர்ணய சபை ஒன்று அதைவிடக் கூடுதலாகத் தந்தால் கூடுதல்தான் செல்லும். எந்தச் சபையும் இல்லாதவருக்கு இந்தச் சட்டம்தான் தரை.

2025 உயர்வில் இன்னொரு பாடமும் இருந்தது. நடைமுறைத் திகதி ஏப்ரல் 1. பாராளுமன்றத்தில் சட்டம் நிறைவேறியதோ சில மாதம் கழித்து. இடைப்பட்ட மாதங்களுக்கு நிலுவை கொடுக்க வேண்டும், அந்த நிலுவைக்குச் சேமலாப நிதியும் கட்ட வேண்டும். ஏற்கனவே விலகிப் போனவர்களுக்கும் அவர்கள் வேலை செய்த நாட்களுக்குரியது உண்டு. அதனால் ஒரு மாற்றம் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து, விலகிப் போகிற ஒவ்வொருவரிடமும் வங்கிக் கணக்கு இலக்கத்தையும் தொடர்பு கொள்ளக்கூடிய தொலைபேசி இலக்கத்தையும் எழுதி வாங்கி வைக்கிறோம். கொழும்புக்கு வேலைக்குப் போன பையனைப் பிறகு தேடிப் பிடிப்பது சுலபமல்ல. அதோடு, பழைய 3,500 ரூபாய் வரவு செலவுத் திட்டப் படி புதிய வேதனத்துக்குள் சேர்க்கப்பட்டதால், சீட்டில் தனி வரியாக இருந்தது காணாமல் போனது. வரி காணாமல் போனால் ஆட்கள் பதறுவார்கள். முன்கூட்டியே சொன்னோம்.

எங்கே வாசிப்பது என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: மூலத்தை வாசியுங்கள். அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் சட்டங்கள், சட்டமூலங்கள், வர்த்தமானிகள் மூன்று மொழியிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. வழமையான வர்த்தமானி வெள்ளிக்கிழமை வரும். அதிவிசேட வர்த்தமானி எந்த நாளிலும் வரலாம். அதிவிசேட இலக்கத்தில் சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது வாரத்துக்குரிய இலக்கம், பின்னால் இருப்பது அந்த வாரத்தில் அது எத்தனையாவது என்பது. யாராவது "வர்த்தமானி வந்திருக்கு" என்று அனுப்பினால் இலக்கத்தையும் திகதியையும் கேட்பேன். இரண்டும் இல்லாத சேதியை மற்றவருக்கு அனுப்புவதில்லை. பத்திரிகைச் செய்தியில் தொகை சரியாக இருக்கும், நடைமுறைத் திகதியும் விதிவிலக்கும் பெரும்பாலும் இருக்காது. நமக்கு வேண்டியதோ அந்த இரண்டும்தான்.

தமிழ்ப் பிரதியை வாசித்தால் போதுமா என்றால், போதாது. சட்டங்களின் கடைசிப் பிரிவைப் பாருங்கள்: சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் இடையில் ஒவ்வாமை ஏற்பட்டால் சிங்கள உரையே மேலோங்கும் என்று இருக்கும். தொழில் நியாய சபையில் வாதம் வந்தால் அதுதான் எடுபடும். ஆகவே முக்கியமான பிரிவை என்னோடு வேலை செய்கிற சிங்கள நண்பர் ஒருவரோடு பக்கத்தில் பக்கம் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பேன். மலையகத்துத் தமிழ்ப் பிள்ளைகள் இந்தத் துறைக்கு வருவதாக இருந்தால், சட்டம் வாசிக்கும் அளவுக்குச் சிங்களம் படித்துக்கொண்டு வாருங்கள் என்று எப்போதும் சொல்வேன். நம்முடைய ஆட்களுக்காகப் பேச அது தேவைப்படும்.

சட்டமூலத்தையும் சட்டத்தையும் பிரித்தறியாமல் பெரிய நிறுவனங்களே தடுமாறியதைப் பார்த்திருக்கிறேன். 2023, 2024 காலத்தில், பழைய தொழில் சட்டங்கள் பலவற்றை நீக்கி ஒரே சட்டமாக்கும் வரைவு பற்றிப் பெரிய வாதம் நடந்தது. தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. அது சட்டமாகவில்லை. ஆனால் அந்த நாட்களில் ஒரு பயிற்சிப் பட்டறையில் அந்த வரைவின் விதிகளை நடைமுறைச் சட்டம் போலவே கற்பித்தார்கள். அதை நம்பி ஓர் இடத்தில் வேலை நேர ஒழுங்கையே மாற்றப் பார்த்தார்கள். பாராளுமன்றத்தில் நிறைவேறி, சபாநாயகர் சான்றுரை இட்டு, சட்டத்துக்கு ஓர் இலக்கம் கிடைக்கும் வரை பழையதுதான் சட்டம். வரைவை வாசிக்க வேண்டும், தயாராக வேண்டும், கருத்துக் கேட்டால் எழுத வேண்டும். நடைமுறைப்படுத்தக் கூடாது.

சட்டமாக இல்லாமலே கட்டுப்படுத்துகிறவையும் உண்டு. 2020 கொரோனா முடக்கத்தின்போது அரசாங்கம், முதலாளிமார், தொழிற்சங்கங்கள் மூன்று தரப்பும் உடன்பட்டு, வேலைக்கு அழைக்கப்படாதவருக்கு அடிப்படைச் சம்பளத்தின் பாதி அல்லது 14,500 ரூபாய், எது கூடவோ அது என்று வைத்தார்கள். பாராளுமன்றத்தில் நிறைவேறியதல்ல என்று அதைத் தள்ளிவிட முடியாது. எங்கள் விடுதி மூடிக் கிடந்த மாதங்களில் அதுதான் பலருடைய அடுப்பை எரியவைத்தது.

ஓய்வு வயது மாறியபோது நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறையில் ஆகக் குறைந்த ஓய்வு வயதை 60 ஆக்கியது. அந்த நேரத்தில் ஐம்பதுகளில் இருந்தவர்களுக்குப் படிப்படியான ஓர் அட்டவணை. சட்டம் வந்த கையோடு எங்கள் பக்கம் ஒரு பேச்சுப் பரவியது: இனி 60 வயது வரை சேமலாப நிதிப் பணம் கிடைக்காதாம். மகளின் கல்யாணத்துக்கும் மகனை வெளிநாடு அனுப்புவதற்கும் அந்தப் பணத்தையே நம்பியிருந்த பெண்கள் கலங்கிப்போனார்கள். சட்டம் சொன்னதோ வேறு. 60க்கு முன் வயதைக் காரணம் காட்டி முதலாளி யாரையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது என்பதுதான் அது. தொழிலாளி தானாக விலக விரும்பினால் விலகலாம். சேமலாப நிதியில் பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55 வயதில் வேலையை விட்டு விலகிப் பணம் எடுக்கும் உரிமை அப்படியே இருக்கிறது. இதைப் பெரட்டில் நின்று சொன்னேன், தலைவர்களும் சொன்னார்கள். அதற்குப் பிறகும் பலர் தனியாக வந்து கேட்டார்கள். காசு சம்பந்தப்பட்ட விஷயத்தை மனிதர் ஒருமுறை கேட்டு நம்பமாட்டார்கள், அது நியாயமும்தான். பெண்களிடம் மட்டும் கூடுதலாக ஒன்று சொல்வேன்: 50இல் பணத்தை எடுத்துவிட்டுப் போனால் அடுத்த பத்து வருடச் சம்பளமும் சேவைக்காலப் பணமும் அதோடு போகும், வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.

எல்லா மாற்றமும் சம்பளத்தில் தெரிவதில்லை. 2021இல் வேலைக்கு அமர்த்தும் ஆகக் குறைந்த வயது 14இலிருந்து 16 ஆனது. விடுதிக்கு ஆள் எடுக்கும்போது பிறப்புச் சான்றிதழ் பார்க்காமல் யாரையும் உள்ளே விடுவதில்லை. 2022இல் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் திருத்தப்பட்டு, வேலைக்கு வருகிற வழியிலும் வேலை முடிந்து போகிற வழியிலும் நடக்கும் விபத்துகளும் அதற்குள் வந்தன. மலையகத்தில் இது சின்ன விஷயமல்ல. லயத்திலிருந்து மலைக்குப் போகிற பாதை என்பது பல இடங்களில் மழையில் வழுக்கும் கல்லும் மண் படிக்கட்டும்தான். இரவு வேலை முடிந்து போன தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவர் அப்படி விழுந்து காலை முறித்தபோது, "வேலை நேரத்துல நடக்கலையே" என்றுதான் முதலில் எல்லாரும் சொன்னார்கள். திருத்தத்தை எடுத்துக் காட்டி, தொழிற்சாலை வாசல் பதிவேட்டில் அவர் வெளியேறிய நேரத்தையும் வைத்தியசாலையில் சேர்த்த நேரத்தையும் சேர்த்து விண்ணப்பித்தோம். அதிலிருந்து தொழிற்சாலை வாசலில் வெளியேறும் நேரம் எழுதுவதைக் கண்டிப்பாக்கினோம்.

பதிவேடு என்றதும் பெயர்ப் பிரச்சினைக்கு வர வேண்டும். சட்டம் எவ்வளவு நல்லதாக மாறினாலும் ஒருவருடைய பெயர் மூன்று இடத்தில் மூன்று விதமாக இருந்தால் பணம் கைக்கு வராது. செக்ரோல் என்கிற சம்பளப் பதிவேட்டில் "காளியம்மா", அடையாள அட்டையில் "காளியம்மாள்", சேமலாப நிதியின் பதிவு அட்டையான பி கார்ட்டில் சிங்களத்திலிருந்தோ ஆங்கிலத்திலிருந்தோ பெயர்த்தெழுதிய இன்னொன்று. சிலருக்குத் தகப்பன் பெயர் இருக்கும், சிலருக்குப் புருசன் பெயர். இது அவர்களுடைய குற்றமே அல்ல. மலையகத் தமிழர் பலர் நாடற்றவர்களாக இருந்த பிரஜாவுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் பெருமளவு தீர்ந்தது. அதற்கு முன் அடையாள அட்டை இல்லாமலே வேலைக்குப் பெயர் பதிந்தவர்கள் ஏராளம். கிளாக்கர் காதில் விழுந்ததை எழுதினார். முப்பது வருடம் கழித்து அந்த எழுத்துதான் பணத்தைத் தடுக்கிறது.

ஓய்வு பெறும் நாளில் இதைத் திருத்தத் தொடங்கினால் மாதக்கணக்கில் அலைய வேண்டும். அதனால் 45 வயதைத் தாண்டிய எல்லாருடைய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், பி கார்ட் நான்கையும் தோட்டம் தோட்டமாக ஒப்பிட்டு வருகிறோம். பொருந்தாதவர்களுக்குச் சத்தியக் கடதாசி, கிராம உத்தியோகத்தர் கடிதம் எல்லாம் இப்போதே எடுக்கிறோம். தொழில் அலுவலகத்தில் வாயால் கேட்டு வாயால் பதில் வாங்கி வருவதை நான் நிறுத்திவிட்டேன். அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் உதவி செய்கிறவர்கள்தான், ஆனால் அதிகாரி இடமாறிப் போனால் சொன்ன சொல்லும் அவரோடு போய்விடும். சந்தேகம் என்றால் கடிதம் எழுதுவேன், பதிலைக் கடிதமாக வாங்கிக் கோப்பில் போடுவேன்.

2025 நவம்பரில் வரவு செலவுத் திட்ட உரையில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350இலிருந்து 1,550 ஆகும் என்றும், வேலைக்கு வருகிற நாளுக்கு அரசாங்கம் தன் பங்காக 200 ரூபாய் வரவு ஊக்கத்தொகை தரும் என்றும், மொத்தம் 1,750 என்றும் முன்மொழியப்பட்டது. அந்தக் கிழமையே நான்கு வரி அறிவித்தலைத் தயாரித்து, "முன்மொழிவு" என்ற சொல்லைப் பெரிதாகப் போட்டு மடுவங்களில் ஒட்டினோம். கம்பனி தருகிற 200ம் அரசாங்கம் தருகிற 200ம் சீட்டில் ஒன்றாகக் கலந்துவிடக் கூடாது என்பதற்காக, பெரிய கிளாக்கர்மாரிடம் இரண்டுக்கும் தனித்தனி நிரல் திறந்து வைக்கச் சொன்னேன். தொழில் திணைக்களத்துக்கு எழுதிய கடிதத்தில் கேட்டவை இவை: அரசாங்கம் தரும் 200க்குச் சேமலாப நிதி கழிக்க வேண்டுமா, அது சேவைக்காலப் பணக் கணக்கில் சேருமா, அரை நாள் வேலையாக அரைப் பேர் போட்ட நாளுக்கு அது உண்டா, பிரசவ விடுமுறையில் இருக்கிறவருக்கு உண்டா. கடிதத்தின் பிரதி ஒன்று எல்லாத் தோட்டத் தலைவர்களிடமும் இருக்கிறது.